தடிமன் மாறாத குரல்

பெப்ரவரி 3, செவ்வாய்

இவ்வளவு பனி கொட்டியும் பள்ளிக்கூடத்தை மூடவில்லை. குடிமையியல் வகுப்பில் என் ஆய்வுத் தலைப்பை எழுதிக் கொடுத்தேன்: ‘மேல்சபை எதற்கு?’ ஆசிரியர் சிரித்தார். ஒன்ராரியோவில் மேல்சபையே கிடையாது என்றார். கிடையாதுதான். ஆனால் கஜனி சித்தி இருக்கிற மாநிலத்தில் உண்டு.

சித்தி அம்மாவின் தங்கை. எல்லைக்கு அந்தப் பக்கம் வழக்கறிஞர். அங்கே மாநில செனற்றில், அதுதான் மேல்சபை, ஓர் உறுப்பினர் கதிரை வெறுமையாகிவிட்டது. மிச்சம் உள்ளவர்கள் சரிபாதியாக நிற்கிறார்கள். மார்ச் பத்தாம் திகதி இடைத்தேர்தல், சித்தி வேட்பாளர். அந்த ஒரு கதிரை யாருக்கோ, சபை அவர்களுக்கு. சித்தி வென்றால், பனிக்காலத்தில் வாடகைக்காரரை வீட்டைவிட்டு எழுப்பக்கூடாது என்ற சட்டம் நிறைவேறும். கீழ்ச்சபை அதை இரண்டு தரம் அனுப்பிவிட்டது. மேல்சபை இரண்டு தரமும் கிடப்பில் போட்டுவிட்டது.

ஒரே ஒரு ஆள்! எனக்கு இதை நினைத்தால் நித்திரை வருவதில்லை.

அப்பா சொல்கிறார்: “இவள் அயல்வீட்டுக் கலியாணத்துக்கு மேளம் அடிக்கிறாள்.”

பெப்ரவரி 7, சனி

சித்தியின் தொகுதியில் சில நூறு தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களுக்குத் தமிழில் தொலைபேசிச் செய்தி வேண்டுமாம். என் தமிழ் வடிவானது என்று சித்தி என்னைப் பிடித்துவிட்டார். அவருடைய பிரச்சாரத்தில் கணினி வேலை பார்க்கும் மரியோ என்பவர் காணொளி அழைப்பில் வந்து பதிவு செய்தார்.

ஒரு செய்தி மட்டும்தான் வாசிக்கவேண்டும் என்று நினைத்திருந்தேன். பக்கம் பக்கமாக வந்தது. “ஓம்.” “அப்படியா?” “சரி அங்கிள்.” “வாறன்.” கோபமாக ஒரு தரம், கவலையாக ஒரு தரம். பிறகு சிரிக்கச் சொன்னார். பகிடி ஒன்றும் இல்லாமல் எப்படிச் சிரிப்பது? அப்பா கதவடியில் நின்று வேட்பாளர் மாதிரிக் கும்பிட்டுக் காட்டினார். சிரித்துவிட்டேன். மரியோவுக்கு அது நன்றாகப் பிடித்துப்போனது.

எனக்குச் சரியான தடிமன். மூக்கு அடைத்திருக்கிறது, வேறொரு நாள் செய்வோமா என்று கேட்டேன். பரவாயில்லை, இயல்பாக இருக்கிறது என்றார்.

பெப்ரவரி 8, ஞாயிறு

மரியோவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவருக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. எங்கள் ஆட்கள் தொலைபேசியில் முதலில் கேட்பது வாக்கை அல்ல, ஊரை. “நீர் எந்த ஊர்? ஆரின்ரை மகள்?” அதற்குப் பதில் இல்லாவிட்டால் வைத்துவிடுவார்கள். அதனால் மரியாதையாக “நீங்கள் எந்த ஊர்?” என்று திருப்பிக் கேட்கவேண்டும். அவர்கள் ஊரைச் சொன்னதும், அந்த ஊரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பிறகு எல்லாம் கேட்பார்கள்.

“நீ பொன் போன்றவள்” என்று பதில் வந்தது. அம்மாவுக்குக் காட்டினேன்.

பெப்ரவரி 13, வெள்ளி

சித்தி தகவல் அனுப்பியிருக்கிறார்: “உன்ரை குரல் நேற்றிலிருந்து வேலை செய்யுது. சனத்துக்கு நல்ல விருப்பம்.”

பெப்ரவரி 16, திங்கள் (குடும்ப நாள், விடுமுறை)

இதைச் சரியாக எழுதவேண்டும்.

சித்தி காணொளியில் வந்து, “நிலாணி, கேட்டுப்பார்” என்று ஓர் அழைப்பைப் போட்டுக் காட்டினார். முதலில் ஆங்கிலத்தில் ஓர் ஆணின் குரல், மிக வேகமாக, இது கணினிக் குரல் என்று சொல்லி முடித்தது. சட்டம் அப்படியாம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த எனக்கே அது பிடிபடவில்லை.

பிறகு நான் பேசினேன்.

நான் அல்ல, என் பதிவைக் கொண்டு கணினி கட்டிய குரல். ஆனால் நான்தான். “வணக்கம் அன்ரி, கஜனி அக்காவுக்காகக் கதைக்கிறன்.” அந்த அன்ரி கேட்டார்: “எந்த ஊர் பிள்ளை?” “நீங்கள் எந்த ஊர் அன்ரி?” “கொக்குவில்.” “ஓமா! நாங்களும் கொக்குவில்தான்.”

நான் கொக்குவிலைக் கண்டதே இல்லை. அம்மாவும் அப்பாவும் அந்த ஊரில்லை. சித்தி அடுத்ததைப் போட்டார். அதில் நான் வேலணை. அதற்கு அடுத்ததில் புத்தூர். மூன்றாவதில் ஓர் அங்கிள் ஏதோ சொல்ல, நான் சிரித்தேன். அப்பா கதவடியில் கும்பிட்டபோது சிரித்த அதே சிரிப்பு.

“இது பொய்யெல்லோ” என்றேன்.

“வோட்டுக் கேக்கிற எல்லாரும் சொந்தம் கொண்டாடுறவைதானே” என்றார் சித்தி. “உன்ரை மாமா ஒருத்தர் சங்கத் தேர்தலிலை நாலு ஊருக்கு மருமகனாய் நிண்டவர்.”

அப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். எல்லாம் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்கள்.

பெப்ரவரி 20, வெள்ளி

எனக்குத் தடிமன் மாறிவிட்டது. கணினியில் இருக்கிற அவளுக்கு மாறாது.

பெப்ரவரி 24, செவ்வாய்

பின்னேரம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. அப்பா எடுத்து என்னிடம் தந்தார். “உனக்காம். ஆரோ மட்டக்களப்புப் பக்கத்து ஆள்.”

“புள்ள, கஜனியக்காட ஒபீசிலதான் இந்த நம்பர் தந்தாங்க. வோட்டுக்குக் கதைக்கிற புள்ளட வீடு எண்டு. தேனுகாவைக் கூப்பிடுறீங்களா?”

அப்படி யாரும் இங்கே இல்லை என்றேன். என் பெயர் நிலாணி, அந்தக் குரல் என்னுடையதுதான் என்றேன்.

“ஓங்கா, உங்கட குரலும் அவள்ர மாதிரித்தான் இரிக்கு. ஆனா அவளுக்குத் தடிமன் புள்ள. எடுக்கிற நேரமெல்லாம் பாக்கன், மாறல்ல. கொத்தமல்லி அவிச்சுக் குடி எண்டன். குடிச்சனான் எண்டாள். உங்களுக்குத் தடிமன் இல்லையே.”

அவர் பெயர் அன்புராசா. கிரான் ஊர். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. 2009இல் போருக்குள் வன்னியில் சனம் ஓடியபோது, ஒன்றரை வயது மகள் தேனுகா தாயின் கையிலிருந்து தவறிவிட்டாள். தாய் பிறகு இறந்துவிட்டார். பிள்ளை செத்ததை யாரும் காணவில்லை. இருந்தால் இப்போது பதினெட்டு.

குரல் அவரிடம் கிரான் என்று சொல்லியிருக்கிறது. வயது பதினெட்டோ என்று கேட்டிருக்கிறார். ஓம். உன்ர பேர் தேனுகாவோ? ஓம்.

“அவள் கதைக்கிறது யாழ்ப்பாணத் தமிழ்தானே அங்கிள்” என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

“அதுதான் புள்ள! ஆரோ யாழ்ப்பாணத்து ஆக்கள் எடுத்து வளத்திரிக்காங்க. நல்ல ஆக்கள்.”

வைக்கும்போது சொன்னார்: “எலெக்சன் முடிய வாறன் எண்டவள்.”

பெப்ரவரி 25, புதன்

மரியோவிடம் கேட்டேன்: அவள் ஏன் வருவதாகச் சொன்னாள்? அது யாரையும் மறுத்துப் பேசாது என்றார் மரியோ. ஓம் சொன்னால் ஆட்கள் வைப்பதில்லை. அதை அதுவாகவே கண்டுபிடித்ததாம். அந்த மனிதர் தினமும் தானாகவே எடுக்கிறார், அவர்தான் மிக நீளமாகக் கதைப்பவர்.

மரியோ “அது” என்கிறார். நான் “அவள்” என்று எழுதியிருக்கிறேன். மேலே பார்த்தேன், எல்லா இடத்திலும்.

சித்தியிடம் சொன்னேன். அவர் கல்நெஞ்சுக்காரி இல்லை. இங்கே ரொறொன்ரோவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் அம்மாவோடு படுத்து, என்னைத் தூக்கி வளர்த்தவர்.

“அவர் தன்ரை வான் நிறையச் சனத்தை ஏத்திக்கொண்டு வந்து வோட்டுப் போடுவிக்கப்போறார், நிலா. இப்ப சொன்னால் அவரும் உடைஞ்சுபோவார், அந்த வானும் வராது. போன முறை இந்தக் கதிரை எத்தினை வோட்டிலை கைவிட்டுப் போனது எண்டு உனக்குத் தெரியுந்தானே.”

“தெரியும். ஆனால் அவர்—”

“பனிக்குள்ளை பிள்ளையளோடை றோட்டிலை நிக்கிற சனத்துக்கு நீ என்ன சொல்லுவாய்? பத்தாம் திகதி முடியட்டும். நானே போய் அவரின்ரை காலிலை விழுறன்.”

“சரி சித்தி” என்று வைத்துவிட்டேன். மறுத்திருக்கவேண்டும். எத்தனை புத்தகம் வாசித்திருக்கிறேன்?

மார்ச் 5, வியாழன்

சித்திக்குச் சொல்லாமல் அன்புராசா அங்கிளுக்குத் தொலைபேசி எடுத்தேன். தாளில் எழுதி வைத்து வாசித்தேன், ஒன்றும் விட்டுப்போகாமல் இருக்க. மரியோ, பதிவு, என் தடிமன், ஊர் கேட்டால் என்ன செய்யவேண்டும் என்று நான் எழுதிக்கொடுத்தது. எல்லாம்.

கடைசிவரை கேட்டார்.

“உங்கள ஆரோ ஏசிப்போட்டாங்க போல புள்ள. அழாதீங்க. உங்கட சித்தி வெல்லுவா.”

“நான் சொன்னது விளங்கினதா அங்கிள்?”

“விளங்கினது. நீங்க போன முறை குரல் உங்கட எண்டு சொன்னீங்கதானே, நேத்து அவளிட்டயே கேட்டுட்டன். ரொறொன்ரோவில ஒரு புள்ள, உன்ர குரல் தன்ர எண்டு சொல்லுது, உண்மையா எண்டு.”

“அவள் என்ன சொன்னவள்?”

“சிரிச்சாள்.”

எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியும். என்னிடம் இருந்து அவர்கள் எடுத்த சிரிப்பு அந்த ஒன்றுதான்.

மார்ச் 8, ஞாயிறு

இன்று முழுக்கக் கட்டிலில் கிடந்தேன். அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்.

மார்ச் 10, செவ்வாய்

சித்தி வென்றுவிட்டார்.

எங்கள் வகுப்பறைக்குள் அடங்கிவிடக்கூடிய ஆட்கள்தான் வித்தியாசம். மேல்சபை கைமாறிவிட்டது. திரையில் அந்த மாநிலத்தின் செனற் படத்தில் ஒரு கதிரை நிறம் மாறியது. அவ்வளவுதான், ஒரு சின்னப் புள்ளி. நான் கத்தினேன். உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து எழுதக்கூடாது. அப்பா எல்லாருக்கும் கொத்துரொட்டி எடுப்பித்தார். அம்மா அழுதார்.

வாக்கெடுப்பு முடிந்தவுடன் குரலை நிறுத்திவிட்டதாக மரியோ சொன்னாராம்.

என் கொத்துரொட்டியை மூடிவைத்தேன். இப்போது அன்புராசா அங்கிள் தொலைபேசி எடுத்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

மார்ச் 18, புதன்

மார்ச் விடுமுறை. பதவியேற்புக்குக் காரில் போனோம். மாநிலத் தலைநகரத்தில் செனற் கட்டடம் முழுக்க வெண்கல் சுவர். யார் பேசினாலும் கொஞ்சம் பிந்தி இன்னொருவர் பேசுவதுபோல் கேட்கிறது. சித்தி சேலையோடு நின்று கை உயர்த்திச் சத்தியம் செய்தார். இத்தனை நாள் படமாகப் பார்த்த கதிரைகள் எல்லாம் சாதாரணத் தோல் கதிரைகள்.

பிறகு தேர்தல் வேலை செய்தவர்களுக்குத் தேநீர் விருந்து. வாசலடியில் ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும், கோட்டும் கழுத்துப்பட்டியும். கையில் மூன்று பனிக்கால ஜக்கெற், பெண்பிள்ளைகள் போடுவது, விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. மூன்றும் ஒரே சிவப்பு. சிறிசு, நடு, பெரிசு.

அந்த வழியால் போன பெண்பிள்ளைகளிடம் எல்லாம் பெயர் கேட்டார். அவர்கள் பெயரைச் சொல்ல, தலையைச் சரித்துக் கேட்டுவிட்டு, “சரி புள்ள” என்று விட்டார்.

“நிலா,” சித்தி என் கையைப் பிடித்தார். “இவ்வளவு சனத்துக்குள்ளை வாய் திறக்காதை. அன்புராசாவுக்கு நான் பிறகு ஆறுதலாய்ச் சொல்லுறன்.” யாரோ வந்து அவரைப் படம் எடுக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஜக்கெற்றோடு நின்றவர் என்னிடம் வந்தார். “உன்ர பேர் என்ன புள்ள?”

ஊமை மாதிரி நின்றிருக்கலாம். அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை அசைத்தார், ஓம் என்றா, வேண்டாம் என்றா?

“நிலாணி” என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“அங்கிள், நான்தான் உங்களோடை போனிலை கதைச்சது. தேனுகா வரமாட்டா. அது மெசின். அதை நிப்பாட்டியாச்சு.”

“இன்னொருக்காச் சொல்லு.”

சொன்னேன். வெண்கல் சுவர் எனக்குப் பின்னால் நின்று அதையே சொன்னது. மூன்றாம் தரமும் கேட்டார், சொன்னேன். ஒவ்வொரு முறையும் நல்ல செய்தி கேட்பவர்போலத் தலையாட்டினார். சொற்கள் அவருக்குள் போகவில்லை. சத்தம் மட்டும் போனது.

“எலெக்சன் முடிய வாறன் எண்டாய்,” என்றார் கண்ணைத் திறந்து. “வந்திற்றாய்.”

ஜக்கெற்றுகளை ஒவ்வொன்றாக என் தோளில் பிடித்துப் பார்த்தார். நடு அளவு சரியாக இருந்தது.

மார்ச் 19, வியாழன்

வரும் வழியில் எல்லையைத் தாண்டியதும் அம்மா சொன்னார்: “அந்த மனிசனைத் தனிய விடாதை.” எப்படி விடாமல் இருப்பது என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

சட்டம் செனற்றில் ஒரே ஒரு வாக்கால் நிறைவேறியது. முழுவதையும் வாசித்தேன், அடிக்குறிப்புகளோடு. நல்ல சட்டம். எந்த வரியிலும் பிழை பிடிக்க முடியவில்லை. ஆய்வுக் கட்டுரைக்குத் தொண்ணூற்றாறு. வகுப்பின் முன் வாசிக்கச் சொன்னார் ஆசிரியர். தொண்டை சரியில்லை என்றேன். ஆசிரியரே வாசித்தார்.

ஏப்ரல் 27, திங்கள்

ஞாயிறுகளில் அன்புராசா அங்கிளுக்கு எடுக்கிறேன். நானாகத்தான் எடுக்கிறேன், யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் “நான் நிலாணி கதைக்கிறன்” என்றுதான் தொடங்குவேன். அவர் “ஓங்கா, சொல்லு தேனுகா” என்பார். நிலாணி என்று திருத்துவேன். திருத்தினால் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு வேலை, பனி, வான் பழுதானது என்று கதை வரும்.

நேற்று சத்திர சிகிச்சைக்கு நாள் வைத்திருப்பதாகச் சொன்னார். இதயத்தில். கூட நிற்க ஒருவரும் இல்லையாம். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். பிறகு கேட்டார்:

“சாப்பிட்டியா, தேனுகா?”

“ஓம்” என்றேன்.