பத்தடிச் சுவர்

2024 மார்ச் 4, திங்கள்

இன்று எங்கள் வரைபட ஆபீஸ் வீரபத்திரன் சார் ஒரு கிடங்கைத் தூக்கி என் மேசையில் வைத்தார். அதாவது, அதன் அளவுக் காகிதங்களை. ஹட்டன் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்தில் தேயிலைப் பெட்டி அடுக்கிய கட்டடம். பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சின்னத்தம்பி முதலாளி வாங்கிவிட்டார். முன்பக்கம் ஆறு கடை, பின்பக்கம் எட்டு வீடு. கூரையையும் வெளிச்சுவரையும் மாற்றக்கூடாது என்பது நகரசபை உத்தரவு. உள்ளே எப்படிப் பிரிப்பது என்பது என் பாடு.

"இது முழுக்க உங்க வேலை பூரணி. நான் கையெழுத்து மட்டுந்தான்" என்றார் சார். எட்டு வருஷமாக ஊரார் வீட்டுக்குக் கக்கூஸ் வரைந்தவளுக்கு வேறென்ன வேண்டும்?

மார்ச் 6

வேண்டியது இருக்கிறது. துணிந்து முதலாளியிடமே கேட்டுவிட்டேன் – நாலாம் நம்பர் வீட்டை எனக்கு வாடகைக்குத் தருவீங்களா என்று. "வேலைய ஒழுங்கா முடிங்க. சாவி ஒங்களுக்குத்தான்."

மார்ச் 9, சனி

மஸ்கெலியா தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் ஒற்றை அறைகளில், எங்கள் காம்பராவும் நாகலெட்சுமி அக்கா காம்பராவும் அடுத்தடுத்து. நான் தும்மினால் அம்மாவுக்கு முன்னால் அக்கா அங்கிருந்து "நூறு" என்று ஆயுசு சொல்கிறாள். போனில் எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் மறுநாள் பைப்படியில் அதற்கு அபிப்பிராயம் கிடைக்கும். எனக்கு வயது முப்பத்திநாலு. அழுதாலும் தும்மினாலும் எனக்கு மட்டும் கேட்கிற ஒரு வீடு வேண்டும். பேராசையா?

மார்ச் 25

வரைந்து முடித்தேன். உடப்புசல்லாவைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்கள் சார் ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தார். ஒரு குறை சொல்லவில்லை. கையெழுத்தும் ஆயிற்று.

ஜூலை 18

வீடுகளைப் பிரிக்கும் சுவர் எழும்புகிறது. மேசன் ஆண்டியப்பன் அண்ணன் எங்கள் பக்கத்துத் தோட்டம். படத்தைப் பார்த்தார், தலையாட்டினார், கட்டத் தொடங்கிவிட்டார். கேள்வி கேட்காத மேசன் கிடைப்பதற்குப் புண்ணியம் செய்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 8

எட்டு வீட்டுச் சுவரும் முடிந்தது. நாலாம் நம்பரில் போய் நின்றேன். என்னவோ ரொம்ப நாள் பழகின இடம் மாதிரி இருந்தது. நல்ல சகுனம்.

ஆகஸ்ட் 14

சகுனமாம். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

முதலாளி கொழும்பிலிருந்து ஒரு தம்பதியை அழைத்து வந்தார். மூன்றாம் நம்பரைக் காட்டிக்கொண்டிருந்தோம். சிமெந்துத் தூசியில் அந்த அம்மாவுக்குத் தும்மல் வந்தது. உடனே ஆறாம் நம்பருக்குள்ளிருந்து ஆண்டியப்பன் அண்ணன் குரல், அன்பாக: "நூறு."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். சுவர் பத்தடியோடு நின்றுவிட்டது. கூரை அதற்கும் எட்டடி மேலே. நடுவில் எட்டு வீட்டுக்கும் பொதுவாகக் காற்று.

பத்தடி. நான்தான் எழுதினேன். யோசிச்சு எழுதல, கை தானா எழுதிருச்சு. கூரையத் தொடாத செவரு – அச்சு அசல் லயத்துச் செவரு. எதுக்குத் தப்பிச்சு ஓட நெனச்சேனோ அதையே அளவெடுத்து வரைஞ்சு வச்சிருக்கேன்.

"ஏண்ணே, ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"என்னத்தக் கேக்கிறது? செவருன்னா அம்புட்டுத்தானே ஒசரம்" என்றார் ஆண்டியப்பன் அண்ணன்.

சார் படத்தை விரித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இப்பவும் எனக்குத் தப்பாத் தெரிய மாட்டேங்குதே பூரணி." தோட்டத்துப் பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்தால் இப்படித்தான்.

வந்தவர்கள் தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்கள். பஜாரில் பிறந்த முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. "ஒரு மாசந்தான். அதுக்குள்ள சரி பண்ணலைன்னா கொழும்புலருந்து ஆளக் கொண்டாருவேன். நாலாம் நம்பர மறந்துருங்க."

ஆகஸ்ட் 15

அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். குரலே எழாமல்தான் சொன்னேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாகலெட்சுமி அக்கா: "அழுவாத புள்ள. ஒசத்திக் கட்டிட்டாப் போச்சு."

ஆகஸ்ட் 27

ஒசத்துவது அவ்வளவு லேசா? அதற்கு மேல் கல் வைத்தால் பாரம் தாங்காது. மரச்சட்டம் அடித்து, நடுவில் சத்தம் அடக்கும் பஞ்சு அடைத்து, இரண்டு பக்கமும் பலகை. பழைய விட்டம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோணல். ஒவ்வொரு பலகையையும் அதற்குத் தகுந்தாற்போல வெட்ட வேண்டும். இந்த முறை எதையும் கைக்கு விடவில்லை. ஏணியில் ஏறி எட்டு வீட்டுக்கும் நானே அளவெடுத்தேன். உடம்பெல்லாம் நூறு வருஷத்து ஒட்டடை.

கடைகளுக்கும் அதே பத்தடிதான். இரண்டாம் கடையை எடுத்திருக்கும் தையல்கார ஜீவராணி அக்கா ஓடி வந்தார். "கடைச் செவர மட்டும் ஒசத்திராதீங்க. நான் வெளிய போகணும்னா பக்கத்துக் கடைக்கு ஒரு சத்தம் குடுத்துட்டுப் போவேன்ல?" மற்றக் கடைக்காரர்களும் அதையே சொன்னார்கள். முதலாளியும் சரியென்றுவிட்டார். என் தப்பில் பாதியை விரும்பவும் ஆள் கிடைத்தது.

செப்டம்பர் 12

இன்னும் இரண்டு நாள் இருக்கும்போதே முதலாளி சோதனைக்கு வந்தார், மூக்குப்பொடி டப்பாவோடு. தும்மல் கேட்டால் குரல் கொடுக்கச் சொல்லி ஆண்டியப்பன் அண்ணனை நாலாம் நம்பரில் நிறுத்திவிட்டு மூன்றாம் நம்பருக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் அவரோடு நின்றேன். நாலு தும்மல். ஜன்னலே அதிர்ந்தது. காத்திருந்தோம். ஒரு சத்தமும் இல்லை.

கடைசியில் ஆண்டியப்பன் அண்ணன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "இன்னும் தும்மலீங்களா முதலாளி? காலு வலிக்குது."

முதலாளி மூக்கைத் துடைத்துக்கொண்டே சாவியை எடுத்தார்.

செப்டம்பர் 29, ஞாயிறு

நாலாம் நம்பர். அம்மா வந்து பால் காய்ச்சினாள். கூரையை நாலு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு அமைதியா இருந்தா தூக்கம் வராதுடி" என்று சாயந்தர பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.

பெட்டியைப் பிரித்த தூசியில் எனக்குத் தும்மல் வந்தது. அடக்கவில்லை. லயத்தில் ஒரு நாளும் தும்மாத மாதிரி வாய்விட்டுத் தும்மினேன். எவருக்கும் கேட்கவில்லை. மூன்றாம் நம்பரில் ஆள் இருக்கிறது, ஐந்திலும் இருக்கிறது, ஒருவருக்கும் கேட்கவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கொஞ்ச நேரம் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். எதற்கு நிற்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது.

நானே சொல்லிக்கொண்டேன்: நூறு.