பச்சையப்பனின் வலது கை

வில்லியனூர்,
1931 வைகாசி 20.

சைகோன் பட்டாளத்தில் சொல்தா உத்தியோகம் பார்க்கும் என் மகன் மணவாளனுக்கு அப்பா எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம், அங்கே உன் உடம்புக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்பி எழுதுகிறேன். உன் கடிதம் வந்தது. பட்டாளத்தில் குத்துச்சண்டை பழகுவதாகவும், ஜூலை பதினாலாம் தேதிப் பந்தயத்தில் ஒரு கப்பல்காரனோடு மோதப்போவதாகவும் படித்து உன் அம்மா பயந்துவிட்டாள். நம்ம சிலம்பம் உசத்தியா, தோலுறை மாட்டிக் குத்துகிற இது உசத்தியா என்று கேட்டிருக்கிறாய். சிலம்பத்தில் கம்பு நீளம், எதிராளியை நெருங்கவே விடக்கூடாது, அதனால் காலடிதான் முக்கியம். கம்பு கைநழுவினால் குத்துவரிசை, அதில் முஷ்டி, முழங்கை, கால் எல்லாமே ஆயுதம். உன் மாமன் பலராமன் போடும் குஸ்தியில் அடியே கிடையாது, மல்லாத்தி முதுகு மண்ணில் பட்டால் தீர்ந்தது. இடுப்புக்கு மேலேதான் குத்தலாம் என்கிறாயே, அது காலைக் கட்டிப்போட்ட குத்துவரிசை மாதிரி எனக்குத் தோன்றுகிறது. இதில் உசத்தி தாழ்த்தி இல்லையப்பா. எல்லாவற்றிலும் நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. நம் திருவிழாவில் கம்பு நுனியைச் சாயத்தில் நனைத்து ஆடுவோம், உடம்பில் கறை பட்டால் ஆட்டம் நின்றுவிடும்.

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சித்திரையில் மேரி என்கிற நகரசபைத் தேர்தல் நடந்தது. மிராசுதார் சொன்னாரென்று ஓட்டுப் போடும் வாசலில் கம்போடு நின்றேன். எதிர்க்கட்சிக்காகப் பச்சையப்பன் நின்றான், பதினெட்டு வருஷமாகத் திருவிழாவில் எனக்கு ஜோடியாக ஆடுகிறவன். கூச்சல் எழுந்து கூட்டம் தள்ளியதில் அவன் கம்பு என் தோளில் பட்டது. நான் சுழற்றி அவன் வலது மணிக்கட்டில் அடித்தேன், கம்பை விட்டுவிட்டான். அதோடு நின்றிருக்க வேண்டும். மறுபடியும் அதே கையில் அடித்தேன். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. கட்டுப் போட்டும் விரல் மடங்கவில்லை, இனி அவனால் ஏர் பிடிக்க முடியாது. எட்டாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி காசம்மாள் வாசலை மறித்து நின்றாள், பச்சையப்பன்தான் உள்ளேயிருந்து, வுடுடி, வரட்டும் என்றான். என்னை வையவில்லை. மொத அடியிலயே கம்ப வுட்டுட்டனேடா சுப்பராயலு, அப்புறம் இன்னாத்துக்குடா அடிச்ச என்று மட்டும் கேட்டான். மறுநாள் முதல் அவன் கழனியை நான் உழுகிறேன், அவன் வரப்பில் நின்று பார்க்கிறான்.

பந்தயத்துக்கு நீ தாராளமாகப் போ. ஜெயித்தாலும் தோற்றாலும் அந்தக் கப்பல்காரன் கையைப் பிடித்துவிட்டு வா. ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்தாயே, ரப்பர் தோட்டத்தில் வேலையை நிறுத்திய கூலியாட்களை அடக்க, குத்தத் தெரிந்தவர்களாகப் பொறுக்குகிறார்கள் என்று, அதற்குப் பெயர் கொடுக்காதே. அதிகாரி தண்டனை கொடுத்தால் வாங்கிக்கொள். அது ஆறிவிடும்.

உன் அம்மா வள்ளியம்மாள் செங்கழுநீர் அம்மனுக்கு உன் பெயரில் வேண்டிக்கொண்டிருக்கிறாள். நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ எங்கள் இருவர் ஆசீர்வாதம். இது கிடைத்ததும், தோட்டத்துக்குப் போகவில்லை என்று ஒரு வரி எழுதிப் போடு.

உன் அப்பா,
சுப்பராயலு