ஒலியில்லாமல் ஓடிய பாட்டு

அண்ணா,

முன்பின் தெரியாத இசையமைப்பாளர்களெல்லாம் எங்கள் இணைய சேனலுக்குப் பாட்டுரிமை தந்துவிட்டார்கள். அப்பா மெட்டமைத்த பாட்டுக்குத்தான் உன்னிடம் மல்லுக்கட்டுகிறேன். அவர் போன பிறகு, உயில்படி உரிமை நம் இருவருக்கும் சேர்த்துத்தான். என் கையெழுத்து மட்டும் செல்லாது. என்மேல் கோபமென்றால் என்னைத் திட்டு. பாட்டு என்ன பாவம் செய்தது?

நேற்று அந்தப் பாட்டின் பழைய காட்சியை ஒலியில்லாமலே ஒளிபரப்பினோம். திரையில் அப்பாவும், பக்கத்தில் சிறுவனாக நீயும் வெறுமனே வாயசைத்தீர்கள்.

"டிவி கெட்டுப்போச்சாடி?" என்றாள் அம்மா.

"அண்ணன் இன்னும் கையெழுத்துப் போடலம்மா."

அவள் உங்கள் வாயசைப்புக்குத் தானே பாட ஆரம்பித்தாள். நீ தனியாகப் பாடும் வரி வந்ததும் நிறுத்திவிட்டாள். "அது அவன் பாடுற இடம்," என்றாள்.

கையெழுத்து கிடக்கட்டும். அந்த ஒரு வரியை அவளுக்குப் போனில் பாடித் தொலை.

கோபம் தீராத
உன் தங்கை