மூட மறுத்த இமை

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் குறையில்லாமல் இருக்க வேண்டும். நான் சுகம் என்றால் உன் தாய்மாமன் நம்பமாட்டார், அவரைக் கேட்காமல் பிழைத்தவன் பிழைத்தவனே இல்லை அவருக்கு.

காதடிக் கட்டியை எடுத்தபோது முகத்தை அசைக்கும் நரம்பையும் வெட்ட வேண்டிவந்து பாதி முகம் தொங்கியதை நீ போனில் பார்த்தாய். இடது கண் மூடாமல் பட்ட பாட்டைப் பார்க்கவில்லை. தூக்கத்திலும் திறந்தே கிடக்கும். வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் ஜன்னல் காற்றில் மணல் விழுந்தது போல எரியும், கண்ணீர் வழியும். கற்க வந்த பெண் தான் ஓட்டுவதைப் பார்த்துத்தான் நான் அழுகிறேன் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டாள், அவள் ஓட்டுகிற அழகுக்கு அழலாம்தான். இப்படியே விட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகிப் பார்வை போகும், மேலிமைக்குள் சின்னத் தங்கத் தகடு வைத்தால் அந்தக் கனத்தில் இமை இறங்கும் என்றார் கண் டாக்டரம்மா. உடனே மாமன் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "பக்கத்து வீட்டுக்காரருக்கும் வாய் கோணிச்சு, தானா சரியாச்சு, கத்தி வைக்காதீங்க அத்தான்" என்றார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது வேறு, எனக்கு நரம்பே இல்லை என்றால் மண்டையில் ஏறவில்லை, ஏற இடம் வேண்டாமா. இமையை இழுத்து மூடி அவரே பிளாஸ்டர் ஒட்டினார், அது கருவிழியில் உரசியது. மாப்பிள்ளையும் போனில் "பொறுத்துப் பாக்கலாம் மாமா" என்றார். அவர் படித்தது கம்ப்யூட்டர், கண் அல்ல. இதை அவருக்கு வாசித்துக் காட்டு.

பொறுத்ததற்குக் கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்தது. எதிரே வந்த லாரி புகைக்குள் வருவது போலத் தெரிந்தது. பயந்தே போனேன். அம்மா கண்ணைப் பார்த்தாள், தன் தம்பியிடம் "இனிமே நீ வாயத் தொறக்காதே" என்றாள், என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். சொட்டு மருந்தில் புண் ஆறியது. பிறகு டாக்டரம்மா வெவ்வேறு கனமுள்ள தகடுகளை இமைமேல் ஒட்டிப் பார்த்து, பொருந்தியதை உள்ளே வைத்துத் தைத்து, தளர்ந்த கீழிமையையும் இழுத்துக் கட்டினார். கண் தப்பியது. கொஞ்சம் மங்கல் உண்டு, படுக்கும்போது களிம்பு போட வேண்டும். முகம் கோணல்தான், இருக்கட்டும்.

நேற்று மாமன் ஆப்பிளோடு வந்து, தான் ஒட்டிய பிளாஸ்டரால்தான் கண் தப்பியது என்று ஆரம்பித்தார். நான் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டேன். "என்ன அத்தான், தூக்கமா?" என்றார். "இல்லப்பா, மூட முடியுதான்னு பாத்தேன்" என்றேன். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடினாள்.

இருவரும் நீண்ட நாள் நன்றாக இருங்கள். நாளெல்லாம் திரையையே முறைக்கிறாயாமே, நடுநடுவே கண்ணைச் சிமிட்டு. உனக்கு அது சும்மா வருகிறது.

ஆசிகளுடன்,
அப்பா