அப்பா தவறவிட்ட பாடம்

அன்பு மகள் மாதவிக்கு, கிள்ளானிலிருந்து அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அந்த மான்செஸ்டர் குளிரில் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் எழுதி, பக்கத்து வீட்டு சல்மாவிடம் கொடுத்து, இந்தக் கடிதத்தைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன்.

அப்பாவின் கால் புண் ஆறவே இல்லை, சர்க்கரை அப்படி. கட்டைவிரல் கறுத்துவிட்டது, புதன்கிழமை அதை எடுத்தாக வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இவர் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க மாட்டேன் என்கிறார். கேட்டால், "நான் இந்த உடம்பே இல்ல, பிரம்மம். இல்லாத விரல எதுக்கு வெட்டணும்?" என்கிறார். எல்லாம் இவர் போய் வருகிற பிரிக்பீல்ட்ஸ் வேதாந்த வகுப்பு செய்த வேலை. உடம்பு பொய்யாம், ஆனால் சாம்பாரில் உப்பு குறைந்தால் மட்டும் நாக்கு உண்மையாகிவிடும். கோபம் தாங்காமல் போன ஞாயிறு நானே கொமுட்டர் ரயில் ஏறிப் போய், வகுப்பு எடுக்கும் ரமணி டீச்சரைப் பிடித்துக் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் பதறிப்போனாள். "ஐயோ ஆன்டி, நான் அப்படிச் சொல்லவே இல்லலா. மூணு தளம் இருக்கு. கனவு ஒண்ணு, பிரம்மம் ஒண்ணு, நடுவுல நாம நடமாடுற இந்த உலகம். பிரம்மத்த உணர்ற வரைக்கும் இதுவும் நிஜம்தான். இங்க வலிச்சா மருந்தும் இங்கதான்" என்றாள். அந்த நடுத்தளப் பாடம் நடந்த வாரம் அப்பா வரவில்லையாம். எங்கே போயிருந்தார் தெரியுமா, புண்ணுக்குக் கட்டு மாற்ற கிளினிக்குக்கு. கேட்டதும் சிரித்துவிட்டேன், திரும்பி வரும்போது ரயிலில் அழுதேன்.

வீட்டுக்கு வந்து டீச்சர் சொன்னதை அவரிடம் சொன்னேன். மறுநாள் மத்தியானம் கண்ணயர்ந்தவர் அலறிக்கொண்டு எழுந்து காலைத் தடவித் தடவிப் பார்க்கிறார். கனவில் நாகையா வந்தாராம். உனக்கு ஞாபகமிருக்கும், அப்பாவோடு சுங்கை வே பேக்டரியில் வேலை பார்த்தவர், விரலை எடுக்கப் போய் முழங்கால் வரை எடுத்து, கடைசியில் வீடு திரும்பவே இல்லை. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எல்லாமே கனவு, பொய் என்று எனக்குப் பாடம் நடத்துகிறவர் அந்தக் கனவுக்குத்தான் நடுங்குகிறார். இது ஞானமில்லை கண்ணு, பயம். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

புதனுக்குள் நீ அவரைக் கூப்பிடு. வேதாந்தம் பேசுவார், பேசட்டும், எதிர்த்து வாதாடாதே. பேசி முடித்ததும் "கால் வலிக்குதாப்பா" என்று மட்டும் கேள். நான் கேட்டால் வீம்பு பிடிப்பார், உன்னிடம் பொய் சொல்ல அவருக்கு வராது. அழுதால் அழட்டும், போனை வைத்துவிடாதே.

கம்பளி போடாமல் வெளியே போகாதே. மாப்பிள்ளையும் நீயும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கூப்பிட மறந்துவிடாதே. ஆஸ்பத்திரிக்குப் பை கட்டி, அவர் கண்ணில் படாமல் அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். திரும்பி வரும்போது போட்டுக்கொள்ள அவருடைய செருப்பையும் அதில் வைத்திருக்கிறேன், ஜோடியாக.

உன் அம்மா,
இராஜம்மா