புளியங்கொட்டை விசில்

மாசி 9, செவ்வாய்.

இன்று பவுடர் டப்பாத் தகரத்தை வெட்டி மடித்து, உள்ளே ஒரு புளியங்கொட்டையைப் போட்டு விசில் செய்தேன். ஊதினால் ஜவ்வாது மலையே இரண்டடி நகர்ந்து உட்காரும். தங்கையைப் பஸ்ஸில் உட்காரவைத்துவிட்டு டீக்கடைக்கு வந்த அவள் புருஷன், அதைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னா மச்சான், இதுல காத்துகூட வராது போலக்கீதே!”

வடை தின்பதற்கென்றே படைக்கப்பட்ட வாய்க்கு விசிலைப் பற்றி என்ன தெரியும்? இரண்டு முறை ஊதினேன். கண்டக்டர்தான் ஊதுகிறார் என்று நினைத்து டிரைவர் பஸ்ஸை எடுத்துவிட்டார். டீயைக் கீழே வைத்துவிட்டு ஓடிய கண்டக்டர் தொற்றிக்கொண்டார். மாப்பிள்ளையின் தொப்பை பத்தடியில் நின்றுவிட்டது.

“அய்யோ, போளூர் வரிக்கும் தனியா போறாளே!”

நாலு வருஷமாக அவளைத் தெருமுனைக்குக்கூடத் தனியாக விடாத மகாராஜா! கடைசி பஸ்ஸும் போனதால், என் வீட்டில் மூன்று தட்டு சாமைச்சோறு தின்றுவிட்டு மலைப்பாம்பாகக் கிடக்கிறான். அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாளோ என்று எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஆனால் பஸ் வளைவில் திரும்பும்போது ஜன்னலில் அவளைப் பார்த்தேன். இவன் ஓடிவருவதை அவளும் பார்த்தாள். நிறுத்தச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டிருந்தாள்.