எடித் சுகமானது எப்படி

விடத்தல்தீவு
11.03.2018

தம்பி கொன்ஸ்ரன்ரைனுக்கு,

அக்கா போன் எடுக்கிறா இல்லை எண்டு ரொறன்ரோவில இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் முறையிட்டிருக்கிறாய். எடுக்கமாட்டன். எடுத்தால் என்ர குரலைப் பதிஞ்சு உன்ர செபக்குழுவுக்குப் போட்டுக் காட்டுவாய்.

உன்ர வீடியோவைப் பள்ளிக்கூடத்தில நசீறா ரீச்சர் காட்டினா. "என் சொந்த அக்கா, விடத்தல்தீவு எடித் ரீச்சர், குடலில் புற்றுநோய், என் செபத்தால் முழுச் சுகம்" எண்டு கையை உயர்த்திக் கத்துறாய். வெள்ளைக் கோட்டு வடிவாய்த்தான் இருக்கு. என்ர குடலை வெட்டித் தைச்ச டொக்டரை அதில காணேல்லை. மாதக்கணக்காய்க் கீமோ ஏத்தி நான் சத்தியெடுத்துக் கிடந்ததையும் காணேல்லை. நீயும் அப்ப எட்டிப் பார்க்கேல்லை. கணக்குப் படிப்பிக்கிறவள் நான். செய்யாத கணக்குக்குப் புள்ளி கேட்கிற பொடியளைக் கண்டிருக்கிறன். அவங்களுக்காவது கொஞ்சம் வெக்கம் இருந்தது.

இப்ப புதினத்தைக் கேள். போன மாதம் கரும்பலகையில எழுதிக்கொண்டு நிக்கேக்க தலை சுத்தி விழுந்தன். ஸ்கான் எடுத்தவை. அதே குடல் நோய்தான், பின்மூளையில கட்டியாய் வந்திருக்கு. ஒண்டே ஒண்டு. கைக்கு எட்டுற இடத்தில இருக்கிறபடியால் வெட்டி எடுக்கலாமாம். பிறகு அந்தக் குழிக்கு மட்டும் குறிபார்த்துக் கதிர்வீச்சு அடிச்சால், அதே இடத்தில திரும்ப வாற பயம் குறையுமாம். கொழும்புக்குப் போகவேணும். நான் ஓம் எண்டிட்டன்.

முழுச் சுகமான அக்காவுக்கு மூளையில கட்டி எண்டு உன்ர சபைக்கு எப்படிச் சொல்லப்போறாய்? அறிய ஆசையாய் இருக்கு.

உன் அக்கா,
எடித்

*

ரொறன்ரோ
29.03.2018

ஆண்டவருக்குள் பிரியமான அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்ணீரோடு வாசித்தேன். கோபத்தில் எழுதியிருக்கிறீர்கள். நான் கோபிக்கவில்லை.

மூளையில் கத்தி வைக்க மட்டும் விடாதேயுங்கோ அக்கா. இது ஒரு சோதனை. உங்கள் சுகத்தைக் கேட்டு எத்தனை பேர் விசுவாசத்துக்கு வந்திருக்கினம் தெரியுமா? இப்ப நீங்களே கத்திக்குப் போனால் அவையின் விசுவாசம் என்னாகும்? கொஞ்சம் பொறுத்திருங்கோ. சபை முழுக்க உபவாசம் இருக்கிறோம். திரும்ப வருத்தம் வந்ததை இப்போதைக்கு ஒருவருக்கும் சொல்லவேண்டாம்.

செபத்தில் உங்களைத் தாங்கும் தம்பி,
கொன்ஸ்ரன்ரைன்

*

விடத்தல்தீவு
27.05.2018

தம்பிக்கு,

உன்ர கடிதம் வந்து சேரேக்க என்ர தலையில தையல் போட்டு முடிஞ்சுது. கட்டியை எடுத்திட்டினம். குழிக்குக் கதிரும் அடிச்சாச்சு. நசீறா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு, நோன்பு பிடிச்சுக்கொண்டு, என்னோட கொழும்பில நிண்டவ. உபவாசம் எண்டால் அது. அவ அதை வீடியோ எடுக்கேல்லை.

இதைத்தான் எழுத வந்தனான். முந்தநாள் தலைமன்னாரில இருந்து அந்தோனிமுத்து எண்டொருத்தர் என்னைத் தேடி வந்தவர். கடலுக்குப் போற மனுசன். அவரின்ர மனுசி மதலேனாவுக்கும் குடலில என்ர வருத்தம்தானாம். என்னைப்போல நேரத்தோட கண்டுபிடிச்சது. மூண்டாவது கீமோவோட கிளினிக்குக்குப் போறதை விட்டிட்டா. ராவும் பகலும் உன்ர வீடியோதானாம். சித்திரையில செத்துப்போனா.

"உங்களுக்கு மெய்யாய்ச் செபத்தாலதானே ரீச்சர் மாறினது?" எண்டு கேட்டார். நான் சேலையை விலக்கி வயித்துத் தழும்பைக் காட்டினன். திரும்பிப் பின்தலைத் தையலையும் காட்டினன். "அவள் உங்களைப்போல வருவன் எண்டுதான் இருந்தவள்" எண்டார். தேத்தண்ணியைத் தொடாமலே எழும்பிப் போயிட்டார்.

அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, அதே இடத்தில நிண்டு சொல்லு: எடித்தைச் சுகமாக்கினது ஒப்பரேஷனும் கீமோவும், நான் பொய் சொன்னனான், மருந்தை விடாதேயுங்கோ. வேற ஒண்டும் உன்னட்டைக் கேட்கேல்லை.

எடித் அக்கா

*

ரொறன்ரோ
20.06.2018

அக்காவுக்கு,

வீடியோவை இணையத்தில் இருந்து நீக்கிவிட்டேன். இனியாவது மனம் ஆறுங்கோ.

மருந்தை நிறுத்தச் சொல்லி நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்தச் சகோதரியின் விசுவாசத்தில் ஏதும் குறைவு இருந்திருக்கலாம். அது ஆண்டவருக்குத்தான் தெரியும். நீங்கள் கேட்டபடி பேசினால் சபை உடைந்துபோகும். உங்களுக்கு ஊழியத்தின் பாரம் விளங்காது.

மார்கழியில் மன்னாருக்கு வாறன். உங்கள் தலையில் கை வைத்துச் செபிக்க ஆசை.

கொன்ஸ்ரன்ரைன்

*

விடத்தல்தீவு
04.11.2018

கொன்ஸ்ரன்ரைன்,

மதலேனாவிட்டைக் குறைவு இருந்ததாம். செத்தவளிலயும் பிழை பிடிக்கிறாய். உன்ர கடிதத்தை அந்தோனிமுத்துவுக்குக் காட்ட எண்டு கையில எடுத்தனான். பிறகு வைச்சிட்டன். அந்த மனுசன் பட்டது போதும். வீடியோவைச் சத்தமில்லாமல் அழிச்சதும் ஒரு பொய்தான். அதைப் பார்த்து மருந்தை விட்ட சனம் இன்னும் அப்படியேதான் இருக்குதுகள்.

போன கிழமை திரும்ப ஸ்கான் எடுத்தது. வெட்டின இடம் சுத்தம். ஆனால் வேற இடங்களில சின்னச் சின்னனாய்க் கனக்க. இனி வெட்டேலாது, ஒவ்வொண்டாய்க் குறிபார்க்கவும் ஏலாதாம். முழுத் தலைக்கும் கதிர் குடுக்கிறதுதான் மிச்சம். டொக்டர் ஒளிக்கேல்லை. "இது நோயை மாத்தாது ரீச்சர், கொஞ்சக் காலம் தள்ளிப்போடும். நினைவு மங்கக்கூடும்" எண்டார். என்ர வகுப்புப் பிள்ளையள் மார்கழியில சாதாரணதரச் சோதினை எழுதுதுகள். அதுவரைக்கும் இருக்கவேணும். ஓம் எண்டிட்டன். திங்கட்கிழமை தொடங்குது.

நீயும் மார்கழியில வருவாய். வா எண்டோ வராதை எண்டோ சொல்லமாட்டன். அப்ப என்ர புத்தி எந்த மட்டில இருக்குமோ தெரியாது. உன்னைக் கண்டு நான் சிரிக்கக்கூடும். கையைப் பிடிச்சு, "சாப்பிட்டியா தம்பி?" எண்டு கேட்டாலும் கேட்பன். அதை மன்னிப்பெண்டு நினைச்சு, கொண்டுபோய்ச் சபையில சொல்லிப்போடாதை.

தலை தெளிவாய் இருக்கேக்க எழுதுறன்: நான் உன்னை மன்னிக்கேல்லை. சிரிச்சால், அது கதிர் செய்த வேலை.

எடித்